சாட்டிங்: அன்றும் இன்றும் – உங்கள் உரையாடல் யார் கையில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்தவுடன் முதலில் செய்து பார்க்கும் விஷயங்களில் ஒன்று சாட்டிங். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, திரையில் தெரியும் கியூஆர் கோடை மொபைலால் ஸ்கேன் செய்துவிட்டால் போதும். சிங்கப்பூரில் இருக்கும் மகனுடனும் பேசலாம், பக்கத்துத் தெரு நண்பருடனும் பேசலாம். ஆனால் நாம் டைப் செய்யும் வரிகள் யாருடைய வழியாகப் போகின்றன? பத்து வருடம் கழித்து அவற்றை எடுத்துப் படிக்க முடியுமா? என்றைக்காவது யோசித்ததுண்டா? சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானே யோசித்ததில்லை, என் அப்பத்தா கேட்கும் வரை.

பெட்டியில் இருக்கும் கடிதங்கள்

எங்கள் ஊர் காரைக்குடி. இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பர்மா, மலேயா, சிலோன் என்று செட்டிநாட்டு வணிகர்கள் கடை வைத்த ஊர்களுக்கெல்லாம் கணக்கு எழுதவும் சமைக்கவும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். என் ஐயாவும் 1950களில் ஈப்போவுக்குக் கணக்குப்பிள்ளையாகப் போனவர்தான். அங்கிருந்து அவர் எழுதிய நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் இன்றும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. படிக்க முடிகிறது.

அடுத்த தலைமுறையில் என் சித்தப்பா கோலாலம்பூருக்குப் போனார். 2007 வாக்கில் எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தாவை அழைத்துக்கொண்டு செக்காலை ரோடு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு இருபது ரூபாய். மெசஞ்சரில் சித்தப்பா வருவார். வெப்கேமில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். குரல் விட்டு விட்டு வரும் என்பதால் பேச்சை நாங்கள் டைப் செய்துதான் முடிப்போம். அப்பத்தா சொல்லச் சொல்ல நான் தங்கிலீஷில் அடிப்பேன்.

"சாப்டானான்னு கேளு. மழை பெஞ்சு ஊருணி நெறஞ்சிருச்சுன்னு சொல்லு."

இப்படியே நான்கைந்து வருடங்கள் போயின. பிறகு வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வந்தது. மெசஞ்சரை மறந்தோம். சித்தப்பா 2019-இல் அங்கேயே தவறிவிட்டார். சில மாதங்கள் கழித்து அப்பத்தா என்னிடம் சாதாரணமாகக் கேட்டது இதுதான்: "அவன் அந்தக் கடையில வச்சு எழுதுனதெல்லாம் இருக்கும்ல? எடுத்துப் படிடா."

எடுக்க முடியவில்லை. அந்த மெசஞ்சரை நடத்திய நிறுவனம் அதற்குள் சேவையை மூடிவிட்டது. பழைய உரையாடல்களை டவுன்லோட் செய்துகொள்ள ஒரு கடைசித் தேதி கொடுத்திருந்தார்களாம். பாஸ்வேர்டே மறந்துபோன ஈமெயில் முகவரிக்கு வந்த அந்த அறிவிப்பை யார் பார்த்தார்கள்? நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்ததை அந்தத் துறையில் எல்லோரும் செய்திருக்கிறார்கள். எம்எஸ்என் மெசஞ்சர் பெரும்பாலான நாடுகளில் 2013-இல் நின்றது. நம் ஊர் இளைஞர்கள் கூட்டமாகக் குடியிருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஏஓஎல் மெசஞ்சர் 2017 டிசம்பரிலும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், ஐசிக்யூ 2024 ஜூனிலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் மறைந்தன.

ஐயாவின் கடிதம் எழுபது வருடம் தாங்குகிறது. நான் டைப் செய்த கடிதம் பன்னிரண்டு வருடம் தாங்கவில்லை. காகிதம் நம் பெட்டியில் இருந்தது, மெசேஜ் அவர்கள் சர்வரில் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள 'புரோட்டோகால்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரோட்டோகால் என்றால் என்ன?

பயப்பட வேண்டாம், சுலபமான விஷயம்தான். ஐயா கடிதம் போட்ட ஈப்போ தபால் ஆபீசும், அதைக் கொண்டு வந்து கொடுத்த காரைக்குடி தபால் ஆபீசும் ஒரே முதலாளிக்குச் சொந்தமானவை அல்ல. இரண்டு நாடுகள், இரண்டு இலாகாக்கள். ஆனாலும் அங்கே ஒட்டிய ஸ்டாம்பை இங்கே மதித்தார்கள். காரணம், 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட தபால் ஒப்பந்தம். முகவரி எப்படி இருக்க வேண்டும், வாங்கிய கடிதத்தை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்குப் பொது விதிகள். கம்ப்யூட்டர்களுக்கு இடையே இப்படிப்பட்ட விதித் தொகுப்புக்குத்தான் புரோட்டோகால் என்று பெயர்.

விதிகள் வெளிப்படையாக அச்சிடப்பட்டு, யார் வேண்டுமானாலும் அவற்றைப் பின்பற்றி சர்வரோ புரோகிராமோ எழுதலாம் என்றால் அது திறந்த புரோட்டோகால். ஈமெயில் அப்படிப்பட்டது. ஜிமெயிலில் இருந்து யாஹூ மெயிலுக்கு மெயில் அனுப்ப நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதே வேளையில் வாட்ஸ்அப்பில் இருந்து டெலிகிராமுக்கு ஒரு "வணக்கம்" அனுப்பிப் பாருங்கள். முடியாது! ஒரு ஆபீசுக்குள் இருக்கும் இன்டர்காம் மாதிரி, அந்தச் சுவருக்குள் மட்டும்தான் அது வேலை செய்யும்.

சாட்டிங் ஆரம்பத்தில் இப்படி இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஐஆர்சி: சாட்டிங்கின் பெரியப்பா

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் என்பவர் எழுதிய புரோகிராம்தான் ஐஆர்சி. 'இன்டர்நெட் ரிலே சாட்' என்பதன் சுருக்கம். ஒரு சர்வர் இன்னொன்றுக்கு மெசேஜைக் கைமாற்றிவிடும். அதனால்தான் ரிலே என்ற பெயர். 1991-இல் சோவியத் யூனியனில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது உள்ளே இருந்தவர்கள் செய்திகளை வெளியே அனுப்பியது இதன் வழியாகத்தான். 1993 மே மாதத்தில் இதன் விதிகள் பொது ஆவணமாக வெளியாயின. 1995-இல் வந்த எம்ஐஆர்சி என்ற விண்டோஸ் புரோகிராம் உலகெங்கும் பிரபலமானது.

காரைக்குடியில் பொறியியல் படித்தபோது ஒரு சீனியர் அண்ணன் எனக்கு ஐஆர்சியைக் காட்டினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. "இது என்னண்ணே, ரயில்வே ரிசர்வேஷன் மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். அன்று இரவு லினக்ஸில் எனக்கிருந்த சவுண்ட் கார்டு பிரச்னையை ஏதோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து தீர்த்துவைத்தார். மொபைல் நம்பர் கேட்கவில்லை, என் பெயர்கூடக் கேட்கவில்லை. ஒரு புனைபெயர், ஒரு அறை, அவ்வளவுதான்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஐஆர்சி எதையும் சேமித்து வைக்காது. நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது உங்களுக்குக் கிடைக்காது. போட்டோவை இழுத்துப்போட வழியில்லை. இன்னொரு குறை, தமிழர்களாகிய நமக்கு மட்டும் கூடுதலாக வலிக்கும். இதன் விதிப்படி ஒரு வரிக்கு 512 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழை அனுப்பும் வழக்கமான முறையிலோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'காரைக்குடி' என்ற சொல்லில் க, துணைக்கால், ர, ஐகாரக் குறி என்று எண்ணிக்கொண்டே போனால் பத்துக் குறிகள், ஆக முப்பது பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது. தமிழில் கொஞ்சம் நீளமாகப் பேசினால் வரி பாதியில் வெட்டுப்படும். 1988-இல் பின்லாந்தில் உட்கார்ந்திருந்தவர் நம்மை நினைத்து எழுதவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் திறந்த விதிகளின் பலன் என்ன என்பது 2021-இல் தெரிந்தது. லினக்ஸ் ஆர்வலர்கள் கூடும் மிகப் பெரிய ஐஆர்சி வலையமைப்பு ஃபிரீநோடு. சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கும் அதில் ஒரு அறை இருந்தது. அந்த வருடம் மே மாதத்தில் ஃபிரீநோடின் நிர்வாக உரிமை குறித்துத் தகராறு முற்றி, அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி லிபெரா சாட் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குழுக்கள் குடிபெயர்ந்தன. பயன்படுத்தியவர்கள் செய்ய வேண்டியிருந்தது என்ன தெரியுமா? அதே புரோகிராமில் சர்வர் பெயரை மாற்றி, அறையையும் புனைபெயரையும் மறுபடி பதிவு செய்துகொண்டார்கள். இதே தகராறு நாம் இன்று பயன்படுத்தும் ஒரு ஆப்பில் நடந்தால் நாம் எங்கே போவோம்?

கூகுள் திறந்த கதவும் மூடிய கதவும்

ஐஆர்சி கூட்டமாகப் பேச வசதியானது. வீட்டு ஆட்கள் தனியாகப் பேச ஏற்ற திறந்த முறை 1999-இல் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்கர் அறிவித்த ஜாபர். பிறகு இதற்கு எக்ஸ்எம்பிபி என்று பெயர் மாறியது. 2004-இல் அதிகாரபூர்வ விதியானது. இதில் உங்கள் முகவரி ஈமெயில் முகவரி போலவே இருக்கும். பெயர், நடுவில் அட் குறி, பின்னால் சர்வர் பெயர். எந்த சர்வரில் கணக்கு வைத்திருந்தாலும் மற்ற சர்வரில் இருப்பவருடன் பேசலாம், நம் தபால் ஆபீஸ் உதாரணம் போலவே.

2005 ஆகஸ்டில் கூகுள் தன் கூகுள் டாக் சேவையை இந்த எக்ஸ்எம்பிபி மீதுதான் கட்டியது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஜிமெயில் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்த அந்த நாட்களை முப்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லூரி சர்வரில் கணக்கு வைத்திருந்த ஒருவர் ஜிமெயில்காரருடன் நேரடியாகப் பேச முடிந்தது. ஃபேஸ்புக்கும் 2010-இல் தன் சாட்டிங்குக்கு எக்ஸ்எம்பிபி வழி ஒன்றைத் திறந்தது. பிட்ஜின் என்ற ஒரே இலவச புரோகிராமில் எல்லாக் கணக்குகளையும் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து சாட்டிங் உலகின் பொற்காலம் அதுதான்.

2013 மே மாதத்தில் கூகுள் ஹேங்அவுட்ஸை அறிமுகப்படுத்தியபோது வெளி சர்வர்களுடனான தொடர்பை அதில் சேர்க்கவில்லை. ஃபேஸ்புக் 2015-இல் தன் வழியை அடைத்தது. கூகுள் டாக் 2022 ஜூனில் முழுவதுமாக நின்றது, ஹேங்அவுட்ஸும் அதே வருடம் போனது. ஆபீஸ்களில் பிரபலமான ஸ்லாக் ஒரு படி மேலே. அதை உருவாக்கியவர்கள் முன்பு தங்கள் ஆபீசில் பயன்படுத்தியது ஐஆர்சிதான். ஸ்லாக்கிலும் ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி புரோகிராம்கள் வழியாக நுழைய வாசல் வைத்திருந்தார்கள். 2018 மே 15 அன்று அதை மூடினார்கள். ஆள் சேரும் வரை கதவு திறந்திருக்கும், சேர்ந்த பிறகு சாத்தப்படும். வியாபாரம் என்று பார்த்தால் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

இதில் வேடிக்கை, வாட்ஸ்அப்பின் சர்வரும் ஈஜாபர்டி என்ற திறந்த எக்ஸ்எம்பிபி மென்பொருளில் இருந்து மாற்றி எழுதப்பட்டு வளர்ந்ததுதான். அடித்தளம் ஊர்ப்பொது, வாசலில் மட்டும் சொந்தப் பூட்டு. அந்தப் பூட்டுக்கு 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் பேசிய விலை 1,900 கோடி டாலர்.

அப்படியானால் மக்கள் ஏன் மாறினார்கள்?

எல்லாம் நிறுவனங்களின் சூழ்ச்சி என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. பழைய திறந்த முறைகள் தோற்றதற்கு அவற்றின் மேலும் காரணம் உண்டு.

முதலில் மொபைல். எக்ஸ்எம்பிபி, இணைப்பு எப்போதும் அறுபடாமல் இருக்கும் என்று நினைத்து உருவானது. மேசைக் கம்ப்யூட்டருக்கு அது சரி. பஸ்ஸில் மானாமதுரை தாண்டும்போது சிக்னல் போய் வரும் போனுக்குச் சரிப்படவில்லை. மெசேஜ்கள் தொலைந்தன, பேட்டரி தீர்ந்தது. பின்னால் இதற்கெல்லாம் கூடுதல் விதிகள் எழுதிச் சரிசெய்தார்கள், ஆனால் அதற்குள் ஊரே வாட்ஸ்அப்பில் இருந்தது. ஒரு ஆப்பில் ஒரு வசதி சேர்க்க நிறுவனம் ஒரு மாதத்தில் முடிவெடுக்கும். திறந்த விதியில் சேர்க்க, அதைப் பயன்படுத்தும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க முடிவெடுப்பது மாதிரி!

இரண்டாவது, முகவரி. என் அப்பத்தாவுக்கு அட் குறி எல்லாம் புரியாது. போன் நம்பர் புரியும். நம்பர் இருந்தால் ஆள் கிடைக்கிறார் என்பதுதான் வாட்ஸ்அப்பின் பெரிய கெட்டிக்காரத்தனம். (ரீசார்ஜ் செய்யாமல் நம்பர் கைவிட்டுப்போனால் அதே நம்பர் நாளை வேறொருவருக்குப் போகும் என்பது இதன் மறுபக்கம்.)

பாதுகாப்பிலும் பழையதே உசத்தி என்று சொல்ல முடியாது. ஐஆர்சி அறையில் நீங்கள் பேசுவதை சர்வர் நடத்துபவர் நினைத்தால் பார்க்கலாம். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இருந்து, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முழுப் பூட்டு முறையைக் கொடுத்துவருகிறது. எக்ஸ்எம்பிபியிலும் ஓமிமோ என்ற பெயரில் அந்த வசதி உண்டு, நாம்தான் அதை ஆன் செய்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு ரோஷத்தில் ஒரு சின்ன ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் புரோசடி என்ற இலவச எக்ஸ்எம்பிபி சர்வரை இன்ஸ்டால் செய்தேன். வீட்டில் ஆறு பேருக்குக் கணக்கு உருவாக்கிக் கொடுத்தேன். முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் காரைக்குடியில் கரண்ட் போனது. நான் சென்னை ஆபீசில். அப்பா இன்வெர்ட்டரை மிச்சப்படுத்த அந்த 'சிவப்பு லைட் எரியிற டப்பா'வைக் கழற்றி வைத்துவிட்டார். குடும்பமே ஊமையானது! இன்று அதில் இருப்பது நானும், கோயம்புத்தூரில் படிக்கும் என் அத்தை மகனும் மட்டும். மற்றவர்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறார்கள், அப்பத்தா உட்பட.

தமிழ்ப் பெயரில் ஒரு ஆப், ஒரு வேண்டுகோள்

இந்த விவாதம் 2025-இல் நம் வாசலுக்கே வந்தது. ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் 'அரட்டை' என்ற ஆப்பை வெளியிட்டது. பெயரைப் பார்த்தாலே எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியும். சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் வேரூன்றிய நிறுவனம். நான்கு வருடம் அமைதியாக இருந்த அந்த ஆப், 2025 செப்டம்பர் கடைசியில் உள்நாட்டு மென்பொருள்களைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அமைச்சர்கள் பேசியதும் ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. தினமும் சேருபவர்கள் 3,000-இல் இருந்து மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். தனிப்பட்ட மெசேஜ்களுக்கு முழுப் பூட்டு முறை அப்போது அதில் இல்லை என்ற குறையைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். அது நியாயமான கேள்விதான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேம்பு அப்போது சொன்ன இன்னொரு விஷயம். மெசேஜ் ஆப்கள் யுபிஐ போலவும் ஈமெயில் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும், வாட்ஸ்அப் போல மூடியிருக்கக் கூடாது என்றார். யோசித்துப் பாருங்கள். கல்லுக்கட்டிப் பக்கம் காய்கறிக்கடையில் ஒட்டியிருப்பது போன்பே கோடு, உங்கள் கையில் இருப்பது கூகுள் பே. பணம் போகிறதா இல்லையா? 2016-இல் வந்த யுபிஐ எல்லா வங்கிகளுக்கும் ஆப்களுக்கும் ஒரே பொது விதி என்பதால்தான் போகிறது. பணத்துக்கு நம் நாட்டில் செய்து காட்டிய வேலையை "சாப்டியா?" என்ற கேள்விக்குச் செய்ய முடியாதா என்ன!

ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள், கேட்கும் சிறிய ஆப்களுக்கு வழிவிட வேண்டும். 2024 மார்ச்சில் இருந்து இது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை. இதை எழுதும் இன்று வரை அரட்டையில் இருந்து வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் அனுப்ப வழி இல்லை. ஊர்ப் பெயர் வைத்த ஆப்பும் சுவருக்குள் இருக்கும் இன்டர்காம்தான் என்பதை மறக்க வேண்டாம். கதவைத் திறக்கும் நாளில் முதல் ஆளாக நான் சேருவேன்.

திறந்த முறைகளிலேயே புதியது 2014-இல் வந்த மேட்ரிக்ஸ். பிரெஞ்சு அரசு ஊழியர்களுக்கான டிசாப் என்ற ஆப் இதன் மீது கட்டப்பட்டது. மேட்ரிக்ஸுக்கான பிரபலமான எலிமென்ட் என்ற ஆப், 2023 மே மாதத்தில் இந்திய அரசு காஷ்மீர் பாதுகாப்புக் காரணங்களைக் காட்டித் தடை செய்த 14 ஆப்களில் ஒன்று. கேரளாவின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஆப் வேறு, புரோட்டோகால் வேறு என்பது பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் செய்து பார்க்க

ஐஆர்சி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரில் லிபெரா சாட் இணையதளத்துக்குச் சென்று வெப்சாட் என்பதைத் திறக்கவும். ஏதாவது ஒரு புனைபெயர் கொடுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். அறையின் பெயர் எப்போதும் ஹேஷ் குறியுடன் தொடங்கும். வேறு அறைக்குப் போக, சாய்கோடு போட்டு அதை ஒட்டி ஜாயின் என்ற ஆங்கிலச் சொல்லையும், இடைவெளி விட்டு அறைப் பெயரையும் டைப் செய்து என்டர் தட்டவும். போன உடனே யாரும் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக்கூட பதில் வரும். வங்கி விவரம், ஓடிபி, போன் நம்பர் எதையும் அங்கே எழுதக் கூடாது.

எக்ஸ்எம்பிபி வேண்டுமானால் விண்டோஸுக்கு கஜிம், ஆண்ட்ராய்டுக்கு கான்வர்சேஷன்ஸ் ஆகிய புரோகிராம்கள் நன்றாக இருக்கின்றன. பேசப்போகும் இருவரும் ஒரே சர்வரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

டிஸ்கார்டில் 'சர்வர்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் அங்கே உருவாக்கும் சர்வர் உங்களுடையது அல்ல, அவர்கள் கம்ப்யூட்டரில் உங்களுக்கு ஒதுக்கிய ஒரு அறை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய மெசேஜ்களைப் பார்க்க முடியாது. ஒரு வருடத்தைத் தாண்டியவற்றை 2024 ஆகஸ்டில் இருந்து அழித்தும் விடுகிறார்கள். சங்கக் கணக்கு, கோயில் திருப்பணி விவரம் போன்றவற்றை அங்கே வைத்திருப்பவர்கள் உடனே நகல் எடுத்துக்கொள்ளவும்.

இதையெல்லாம் விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. இன்றே செய்துவிடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்களுக்கு வேண்டியவருடனான உரையாடலுக்குள் செல்லுங்கள். மேலே மூன்று புள்ளிகள், அதில் மோர், பிறகு எக்ஸ்போர்ட் சாட். படங்களுடன் வேண்டுமா, எழுத்து மட்டும் போதுமா என்று கேட்கும். எழுத்து மட்டும் என்றால் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வந்துவிடும், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். அதை உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பிக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். மிக நீண்ட உரையாடல் என்றால் பழைய பகுதி விடுபடலாம், எனவே வருடத்திற்கு இரண்டு முறையாவது எடுப்பது நல்லது. ஒரு குழுவில் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' ஆன் செய்யப்பட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. டெலிகிராமில் இந்த வசதி கம்ப்யூட்டருக்கான டெஸ்க்டாப் புரோகிராமில் இருக்கிறது. கூகுள் சாட் பயன்படுத்துபவர்கள் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் அதை மட்டும் டிக் செய்து டவுன்லோட் செய்யலாம்.

நான் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும், ஆடி பதினெட்டுக்கும் ஊருக்குப் போகும்போது அப்பத்தா போனில் இருந்து இதை எடுக்கிறேன். டெக்ஸ்ட் ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு, அது எத்தனை வருடம் தாங்கும் என்று நம்பிக்கை இல்லாததால் லேசர் பிரிண்டும் எடுத்துவிடுகிறேன். போன முறை நூற்றிப்பத்துப் பக்கம் வந்தது. பாதிக்குப் பாதி 'காலை வணக்கம்' படத்துக்குப் பதிலாக 'மீடியா நீக்கப்பட்டது' என்று இருந்தது. அப்பத்தா அந்தக் கட்டை வாங்கி, எண்ணெய்க் கை படாமல், டிரங்குப் பெட்டியில் ஐயாவின் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.